பையில் சுமக்கும் ஷவல்: முனை, கழுத்து, பூட்டு

காட்டிலும் மலையிலும் டென்ட் போட்டுத் தங்கப் போகிறவர்கள் ஷவல் பற்றி என்னிடம் கேட்கும்போது, "எது நல்லா உழைக்கும்?" என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிக்கிறார்கள். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: அதை வைத்து எதைத் தோண்டப் போகிறீர்கள்? அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பையை முதுகில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நடக்கிறவருக்கும், வண்டியில் போய் இறங்கி அங்கேயே தங்குகிறவருக்கும் ஒரே ஷவல் பொருந்தாது. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குவதால்தான் இவ்வளவு குழப்பம்.

நடக்கிறவரை முதலில் எடுத்துக்கொள்வோம். அவருக்கு மண்ணைத் தோண்டும் வேலை என்றால் அது கிட்டத்தட்ட ஒன்றே ஒன்றுதான்: வெளிக்குப் போகக் குழி எடுப்பது. இதைப் பேசக் கூச்சப்பட்டுக்கொண்டு, டென்ட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்ட, விறகு பிளக்க, ஏதாவது விலங்கு வந்தால் விரட்ட என்று வேறு காரணங்களைச் சொல்லி, கனத்த கருவி ஒன்றை வாங்கிவிடுகிறார்கள் பலர். இரண்டாவது மலையேற்றத்திலேயே அது வீட்டில் தங்கிவிடுகிறது. அப்புறம் குழி தோண்டுவது எதை வைத்து? பூட்ஸ் குதிகாலை வைத்தும் கையில் அகப்பட்ட குச்சியை வைத்தும்தான். ஆட்கள் அதிகம் தங்கும் இடங்களின் ஓரத்தில் நடந்து பார்த்தால் அதன் விளைவு தெரியும். நாலு விரல் ஆழம்கூட இல்லாத பள்ளங்கள், மேலே பேருக்கு வைத்த ஒரு கல், பக்கத்தில் காற்றில் ஆடும் காகிதம். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். இருபது கிராம் கருவி ஒன்று பையில் இருந்திருந்தால் அந்த இடம் சுத்தமாக இருந்திருக்கும்.

அந்தக் குழிக்குக் கணக்கு உண்டு. ஆழம் 15 முதல் 20 செ.மீ., அகலம் 10 முதல் 15 செ.மீ. ஓடை, ஏரி, நடைபாதை, டென்ட் எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர் தள்ளி, அதாவது பெரியவர் நடையில் 70, 80 எட்டு. காட்டில் தடம் விடாமல் தங்கிவரக் கற்றுக்கொடுக்கும் 'லீவ் நோ ட்ரேஸ்' அமைப்பு சொல்லித்தரும் அளவுகள் இவை. ஏன் இந்த ஆழம் என்றால், மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அதிகம் இருப்பது மேல்மண்ணில்தான். கீழே போகப் போகக் குறைந்துவிடும். ஆழம் பற்றாவிட்டாலோ விலங்குகள் மோப்பம் பிடித்துக் கிளறும், ஒரு பெருமழையில் எல்லாம் மேலே வந்துவிடும். பாலை மாதிரி வறண்ட இடங்களில் மேல்மண்ணே மெலிசு. அங்கே 10 முதல் 15 செ.மீ. போதும் என்கிறார்கள்.

மூடிவிட்டால் சில வாரங்களில் மண்ணோடு மண்ணாகிவிடும் என்ற நம்பிக்கையும் சரியில்லை. அமெரிக்காவின் மான்டானா மாநில மலைகளில் நடத்தி 1982-ல் வெளியிட்ட ஆய்வில், புதைத்த மலத்திலிருந்த நோய்க்கிருமிகள் குளிர்காலத்தைத் தாண்டியும் உயிரோடு இருந்தது தெரியவந்தது. ஆகவே தண்ணீரிலிருந்து தள்ளிப் போவதை நான் ஆழத்துக்குச் சமமாக மதிக்கிறேன். நடக்கச் சோம்பல் பட்டுக்கொண்டு ஓடைக்கரையிலேயே ஆழமாகத் தோண்டினால் பலன் இல்லை. சில இடங்களில் தோண்டவே கூடாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். கலிஃபோர்னியாவின் மவுன்ட் விட்னி பகுதியில் மலத்தை அதற்கான பையில் கட்டிக் கீழே கொண்டுவந்தாக வேண்டும். மண்ணே இல்லாத பாறை உச்சிகள், குறுகலான ஆற்றுப் பள்ளத்தாக்குகள் பலவற்றிலும் இதே விதிதான். போகிற இடத்தின் விதியைப் பார்த்துவிட்டுக் கருவியை எடுத்து வையுங்கள். சில பயணங்களுக்கு ஷவலே தேவைப்படாது.

சரி, எடைக்கு வருவோம். நடக்கிறவருக்கு ஏற்ற கையடக்கமான குட்டி ஷவலைக் கைக்கரண்டி, சுருக்கமாகக் கரண்டி என்கிறேன். 'தி டென்ட்லேப்' நிறுவனம் செய்யும் 'டியூஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்' என்ற அலுமினியக் கைக்கரண்டியின் நடு அளவு 17 கிராம். ஆழத்துக்குக் கோடு போட்ட பிளாஸ்டிக் கரண்டிகள், 'ஜிஎஸ்ஐ' நிறுவனம் செய்யும் ஆரஞ்சு நிறக் கரண்டி போன்றவை, 90 கிராமை ஒட்டி வரும். ராணுவப் பாணியில் மூன்றாக மடியும் எஃகு ஷவல் ஏறக்குறைய ஒரு கிலோ. மண்ணைத் தோண்டும் கருவி என்ற ஒரே பேச்சில் 17 கிராமும் ஒரு கிலோவும் வந்து நிற்கின்றன. கிட்டத்தட்ட 60 மடங்கு வித்தியாசம். கால் லிட்டர் தண்ணீர் கூடுதலாக எடுப்பதா வேண்டாமா என்று யோசித்துப் பை கட்டுகிறவர், ஒரு கிலோ எஃகை யோசிக்காமல் உள்ளே போடுவது எனக்குப் புரியவில்லை. நடைப்பயணம் என்றால் 100 கிராமைத் தாண்ட வேண்டிய அவசியமே கிடையாது. 15 முதல் 40 கிராமுக்குள் நல்லவை கிடைக்கின்றன.

ஆனால் எடை குறைவு என்ற ஒன்றை மட்டும் பார்த்து வாங்கினாலும் கையைக் கடிக்கும், நிஜமாகவே. நல்ல கரண்டி எது என்று கண்டுபிடிக்க நான் பார்ப்பது மூன்று இடங்கள்: முனை, கழுத்து, உள்ளங்கையில் படும் விளிம்பு.

முனை எப்படி வேலை செய்கிறது என்பதை ஊசியிலைக் காட்டில்தான் நன்றாகப் பார்த்தேன். அங்கே தரை பார்க்க மெத்தென்று இருக்கும். உதிர்ந்து கிடக்கும் ஊசிகளைக் கையால் ஒதுக்கினால் கறுத்த மக்கு, இரண்டு விரற்கடை. அதற்குக் கீழே வேர்கள் தொடங்கும். தலைமுடி மெலிசிலிருந்து சுண்டுவிரல் தடிமன் வரை குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். உருண்டையான வாய் உள்ள பிளாஸ்டிக் கரண்டியை அங்கே அழுத்தினால் பின்னல் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், கையை எடுத்ததும் பழையபடி மேலே வந்துவிடும். கூடவந்த நண்பர் அப்படி அழுத்தி அழுத்தி ஓய்ந்த இடத்தில், நான் டியூஸ் ஆஃப் ஸ்பேட்ஸைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தேன். அதன் கைப்பிடி நுனி குறுகல். வேர் அறுக்கவும் கெட்டி மண்ணில் இறக்கவும் அந்த நுனி பயன்படும்படிதான் செய்திருக்கிறார்கள். வட்டமாகக் குத்திக்கொண்டே வந்தால் ஒவ்வொரு குத்துக்கும் நறுக்கென்று ஒரு வேர் அறுபடுவது கையில் தெரியும். வட்டம் முடிந்ததும் அந்த மேல்மூடியை முழுசாகத் தூக்கிப் பக்கத்தில் வைத்தேன். அதற்குக் கீழே மண் பொலபொலவென்று வந்தது. அப்போதுதான் கரண்டியைத் திருப்பி அகன்ற பக்கத்தால் வாரினேன். வெட்ட ஒரு நுனி, வார ஒரு வாய். இரண்டும் ஒரே தகட்டில் இருந்தால் அது நல்ல கரண்டி. வாங்கும்போது முனையை விரலால் தடவிப் பாருங்கள். வெறுமனே உருட்டி விட்டிருந்தால் அது தோட்டத் தொட்டியில் இருக்கும் பொலபொலப்பான மண்ணுக்குத்தான்.

கழுத்து என்று நான் சொல்வது கைப்பிடி தகட்டோடு சேரும் இடத்தை. உடைவதும் வளைவதும் அங்கேதான். பிளாஸ்டிக் கரண்டியானால் அந்த இடத்தில் முதுகுப் பக்கம் விலா எலும்பாகத் தடித்த வரம்புகள் ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். உலோகக் கரண்டியானால் தடிமனைவிட வளைவு முக்கியம். ஒரு தாளை ஓரத்தில் பிடித்து நீட்டினால் தொங்கிவிடும். அதையே நீளவாக்கில் லேசாகக் குழித்துப் பிடித்தால் விறைத்து நிற்கும். கரண்டியின் தகட்டிலும் இதேதான் நடக்கிறது. ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள தகடுகூட, கைப்பிடியிலிருந்து முனைவரை அந்தக் குழிவு விடாமல் ஓடினால் நல்ல அழுத்தத்தையும் தாங்கும். குழிவு கழுத்தில் நின்றுபோய் அந்த இடம் மட்டும் தட்டையாக இருந்தால், எவ்வளவு உயர்ந்த உலோகமானாலும் அங்கே மடங்கும்.

மூன்றாவது விளிம்பு. லேசான கரண்டி எல்லாமே மெல்லிய தகடுதான். கெட்டி மண்ணில் உள்ளங்கையை வைத்து அழுத்தும்போது அந்த விளிம்பு கையில் பதியும், சில சமயம் தோலையே கீறிவிடும். விளிம்பை உள்பக்கமாகச் சுருட்டி மடித்திருக்கும் கரண்டிகள் இந்த விஷயத்தில் நல்லவை. அப்படி இல்லாவிட்டால் கைக்குட்டையை நாலாக மடித்து வைத்து அழுத்தலாம், கையுறை போட்டுக்கொள்ளலாம், துணி டேப்பை இரண்டு சுற்று சுற்றலாம். டேப் சுற்றினால் இன்னொரு லாபம்: டென்ட்டிலோ பாயிலோ கிழிசல் வந்தால் அதையே பிரித்து ஒட்டலாம். எடை இரண்டு கிராம் கூடுமோ என்னவோ, கூடட்டும்.

உலோகம் எது என்பதில் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 2.8 கிராமை ஒட்டியது, டைட்டானியம் 4.5, எஃகு 7.8 சொச்சம். சாதாரண அலுமினியம் மிருது, சீக்கிரம் மடங்கும். 7075 என்று போட்டிருந்தால் அது துத்தநாகம் கலந்த வலுவான கலவை, விமானப் பாகங்களுக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். கூட இருக்கும் டி6 என்பது சூடேற்றிப் பதப்படுத்திய நிலையைக் குறிக்கும். டைட்டானியம் துருப்பிடிக்காது, கல்லில் பட்டாலும் முனை அவ்வளவு சீக்கிரம் மழுங்காது, விலைதான் கூடும். பாறையும் சரளையும் அதிகமுள்ள மலைகளில் அடிக்கடி நடக்கிறவருக்கு அந்த விலை தகும். மற்றவர்களுக்கு நல்ல அலுமினியமே தாராளம். பிளாஸ்டிக் மலிவு, கையை வெட்டாது, ஆழக்கோடு இருப்பதால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும். ஆற்றுமணலிலும் இலைமக்கிலும் நன்றாகவே வேலை செய்யும். வேரிலும் வெயிலில் இறுகிய களிமண்ணிலும் அதனால் முடியாது. கடும் குளிரில் பல பிளாஸ்டிக்குகள் விறைத்து நொறுங்கத் தொடங்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

எந்தக் கரண்டியானாலும் நெம்பக் கூடாது. இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் கை தானாக நெம்பத்தான் போகிறது, ஏனென்றால் பெரிய ஷவலில் நாம் பழகியது அப்படி. சின்னக் கரண்டி குத்துவதற்கும் வாருவதற்கும் செய்தது. கல்லுக்கு அடியில் கொடுத்துத் தூக்குவதற்கு அல்ல. மண் கெட்டியாக இருந்தால் முதலில் நடைக்கோலின் முனையாலோ டென்ட் முளையாலோ நாலைந்து இடத்தில் குத்தி இளக்கிக்கொண்டு, பிறகு கரண்டியைப் போடுங்கள். அதைவிட நல்ல வழி, நல்ல மண்ணைத் தேடுவது. விழுந்து மக்கிப்போன மரத்தின் பக்கம், இலை தடித்துக் கிடக்கும் தரை என்று ஒரு இடம் பெரும்பாலும் அகப்படும். வெயில் படும் இடமானால் இன்னும் நல்லது, மண்ணின் சூடு மக்குவதற்கு உதவும். இன்னொரு பழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது: மாலையில் டென்ட் போட்டதுமே, வெளிச்சம் இருக்கும்போதே, காலைக்கான குழியைத் தோண்டி வைத்துவிடுவது. தோண்டிய மண் பக்கத்திலேயே குவியலாக இருக்கும், இரண்டு குச்சிகளைக் குறுக்கே வைத்து அடையாளம் செய்துவிடலாம். விடியற்காலை அவசரத்தில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வேரோடு மல்லுக்கட்டுகிறவர்கள்தான் குழியைப் பாதியில் விடுகிறார்கள்.

வேலை முடிந்ததும் குழிக்குள் கிளறிவிடக் கரண்டியைப் பயன்படுத்தக் கூடாது. ஒரு குச்சியால் மண்ணோடு கலந்துவிட்டு, குச்சியையும் உள்ளேயே போட்டு மூடலாம். கரண்டி மண்ணை மட்டுமே தொட வேண்டும். அதே பைக்குள்தான் சாப்பாடும் இருக்கிறது.

இனி மடக்கு ஷவல். இதன் மூலம் ராணுவம். டென்மார்க் அதிகாரி லின்னெமன் 1869-ல் காலாட்படைக்கென்று ஒரு கைஷவலை வடிவமைத்தார். அதைப் பார்த்து ஐரோப்பியப் படைகள் பலவும் செய்துகொண்டன. ரஷ்யப் படையின் அரை மீட்டர் நீளச் சிறுஷவல் அந்த வழியில் வந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களின் மடக்கு ஷவலைப் பார்த்து அமெரிக்கர்கள் 1943-ல் தங்களுடையதைச் செய்தார்கள். 1967-ல் மூன்றாக மடிவது வந்தது. இன்று கடைகளில் தொங்குபவற்றில் பெரும்பாலானவை இந்தக் கடைசி வடிவத்தின் வாரிசுகள். இந்த வரலாறு தெரிந்தால் அதன் குணமும் புரிந்துவிடும். சிப்பாய் அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டும், தரையோடு படுத்தோ முழங்கால் போட்டோ தலையை நிமிர்த்தாமல் தோண்ட வேண்டும். அதனால் கைப்பிடி குட்டை. டென்ட் போடப் போகிறவரை யாரும் குறிபார்ப்பதில்லை. அவர் நின்றுகொண்டு குனிந்து தோண்டுவார், கால் மணி நேரத்தில் முதுகு பிடித்துக்கொள்ளும். விரித்தாலும் 60 செ.மீ.தான் இருக்கும் ஷவலை முழங்கால் போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். முழங்காலுக்குக் கீழே வைக்க ஒரு துண்டுப் பாய் எடுத்துக்கொள்ளுங்கள்.

மடக்கு ஷவலின் உயிர் அதன் பூட்டில் இருக்கிறது. தகடும் கைப்பிடியும் சேரும் இடத்தில் ஒரு திருகு வளையம் இருக்கும். தகட்டை விரித்து அந்த வளையத்தை இறுக்கினால்தான் ஷவல் நிற்கும். மணலில் புதைந்த காரின் சக்கரத்தைச் சுற்றித் தோண்டிக்கொண்டிருந்தபோது இந்த வளையத்தின் குணத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். முதல் ஐந்து நிமிடம் இறுக்கமாக இருந்தது. பிறகு ஒவ்வொரு வாரலுக்கும் தகடு கொஞ்சம் கொஞ்சமாக ஆடத் தொடங்கியது. வளையத்தை இறுக்கப் போனால் மரையில் மணல் புகுந்து கரகரவென்றது. முழுசாகத் திரும்பவும் இல்லை, கழன்று வரவும் இல்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவி, தூரிகை இல்லாததால் பல்குத்தும் குச்சியால் மரையின் பள்ளங்களைக் கீறிச் சுத்தம் செய்த பிறகுதான் வளையம் இறங்கியது. இதிலிருந்து வாங்கும்போது பார்க்க வேண்டியது தெளிவாகிவிடும். மரை அகலமாகவும் ஆழமாகவும் இருக்க வேண்டும். நுணுக்கமான மரையில் ஒரு மணல் போதும் மாட்டிக்கொள்ள. வளையத்தின் வெளிப்பக்கம் ஈரக்கையோ கையுறையோ பிடிக்கும் அளவுக்குச் சொரசொரப்பு வேண்டும். தகடு கீல் சேரும் இடத்தில் ரிவெட்டுகள் தடிமனாக இருக்க வேண்டும். விரித்துப் பூட்டிய பிறகு தகட்டை ஒரு கையிலும் கைப்பிடியை ஒரு கையிலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். புதிதிலேயே ஆடுகிறது என்றால் வாங்க வேண்டாம்.

அடுத்தது, தகடு 90 டிகிரியில் பூட்டிக்கொள்கிறதா என்பது. இது இருந்தால் ஷவல் மண்வெட்டியாகிவிடும், குட்டைக் கைப்பிடியின் குறையும் பாதி தீர்ந்துவிடும். தள்ளித் தோண்ட நீளமான கைப்பிடியும் காலின் மிதியும் வேண்டும். வெட்டி இழுக்கக் கை வீச்சே போதும். வண்டியின் அடியில் முட்டிக்கொண்டு நிற்கும் மண்ணை இழுத்து எடுக்க வேறு எந்த நிலையும் உதவாது. மடக்கு ஷவல் வைத்திருப்பவர்கள் பலர் இந்த நிலையை ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை என்று பார்த்திருக்கிறேன். பயன்படுத்திப் பாருங்கள், கைக்கு உடனே பழகிவிடும்.

எல்லாம் சொன்ன பிறகும் என் அபிப்பிராயம் இதுதான்: காரில் போகிறவருக்கு மடக்கு ஷவல் தேவையில்லை. டிக்கியில் இடம் இருக்கும்போது எதற்குக் கீல்? 70 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள, மடங்காத, ஒரே துண்டான ஷவல் அதைவிட எல்லா விதத்திலும் மேல். மடக்கு ஷவலுக்கு உரிய இடம் மோட்டார் சைக்கிளிலும் சைக்கிளிலும் போகிறவர்களிடம் இருக்கிறது. நாலைந்து பேர் ஒரே கருவியை முறைவைத்துச் சுமக்கும் குழுக்களிடமும் இருக்கிறது.

கைப்பிடிக்குள் கத்தி, திசைகாட்டி, தீமூட்டும் கம்பி, விசில், பாட்டில் திறப்பான் என்று பத்து சாமான் ஒளித்து வைத்த 'பல்பயன்' ஷவல்களைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். கைப்பிடி மூன்று நாலு துண்டாகத் திருகிச் சேர்வதால் ஒவ்வொரு மூட்டும் ஒரு பலவீனம். தோண்டத் தோண்ட ஒவ்வொன்றும் தளரும். தகட்டின் ஓரத்தில் இருக்கும் ரம்பப் பல் விறகை அறுக்காது, பையைத்தான் கிழிக்கும். பல் இருக்கும் ஓரத்தை அரம் போட்டுத் தீட்டுவதும் கஷ்டம். ரம்பம் வேண்டுமென்றால் மடக்கு ரம்பம் ஒன்று தனியாக வாங்கிக்கொள்வதே நல்லது.

நெருப்பு மூட்டுகிறவர்களுக்கு ஷவல் கட்டாயம் என்று சில இடங்களில் விதியே உண்டு. கலிஃபோர்னியாவில் வெளியிடத்தில் தீ மூட்டும் அனுமதிச்சீட்டு வாங்குகிறவர், பக்கத்தில் ஒரு ஷவல் வைத்திருக்க வேண்டும். இங்கே ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்வது நல்லது: தணலை மண்ணால் மூடிவிட்டுப் போவது. மண் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். மணிக்கணக்கில் கழித்தும் அடியில் தணல் இருக்கும், தெரியாமல் யாராவது மிதிப்பார்கள், இல்லையென்றால் காற்று கிளப்பிவிடும். தண்ணீர் ஊற்றி, ஷவலால் அடிவரை கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் அங்கிருந்து நகர வேண்டும். ஷவலுக்கு இதில் வேலை கிளறுவது. அதற்கு 17 கிராம் கரண்டி உதவாது, கை சுட்டுவிடும். தினமும் நெருப்பு மூட்டும் திட்டம் இருந்தால் நீளக் கைப்பிடி உள்ள ஒன்றைக் குழுவுக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது நெருப்பே வேண்டாம் என்று ஒரு அடுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

டென்ட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவது பழைய காலத்துப் பழக்கம். அடிப்பாய் இல்லாத துணிக் கூடாரங்களுக்கு அது தேவைப்பட்டது. இப்போதைய டென்ட்டுகளின் தரை தண்ணீர் புகாதது, ஓரமும் மேலேறி இருக்கும். வாய்க்கால் வெட்டினால் அடுத்த மழையில் அந்தக் கோடு வழியே மண் அரித்துக்கொண்டு போகும், தழும்பு வருஷக்கணக்கில் நிற்கும். கொஞ்சம் மேடான, தண்ணீர் வந்து தேங்காத இடமாகப் பார்த்து டென்ட் போட்டால் இந்த வேலையே இல்லை.

மணலில் மட்டும் தோண்டுவதற்கு நல்ல காரணம் உண்டு. முளை நிற்காத இடத்தில், சின்னப் பைகளில் மணலை நிரப்பிக் கயிறு கட்டி ஓரடி ஆழத்தில் புதைத்து மிதித்துவிட்டால் எந்தக் காற்றுக்கும் டென்ட் அசையாது. இதற்கு அகன்ற வாய் வேண்டும். மெல்லிய கரண்டியானால் பாதி மணல் வழிந்துவிடும். சமையல் பாத்திரத்தின் மூடியை வைத்து வாரிக்கொள்ளலாம்.

பனி வேறு உலகம். பனிச்சரிவு ஆபத்துள்ள மலைகளுக்குப் போகிறவர்கள் எடுத்துப்போகும் ஷவல் எடை குறைக்கும் இடமே அல்ல. சரிந்து நின்ற பனி கல்லாக இறுகிவிடும். பிளாஸ்டிக் தகடு அதில் இறங்காது, துள்ளும். புதைந்தவரை முதல் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அந்த ஷவலுக்கென்று சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பான யுஐஏஏ வகுத்த 156 என்ற தர அளவே இருக்கிறது. உலோகத் தகடு, நீளும் கைப்பிடி, அந்தத் தர முத்திரை என்று மூன்றையும் பார்த்து வாங்க வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் எந்தக் கரண்டியும் அந்த வேலைக்கு ஆகாது.

கடையில் கையில் எடுக்க வாய்ப்பு இருந்தால் கரண்டியின் முனையைக் காலணியின் ரப்பர் அடியிலோ ஒரு மரக்கட்டையிலோ வைத்து, உள்ளங்கையால் மெதுவாக எடையைக் கொடுத்துப் பாருங்கள். கழுத்து வளைந்து திரும்பி வந்தால் பரவாயில்லை, வளைந்தபடி நின்றால் வைத்துவிடுங்கள். கை வலிக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள்: தகடு மட்டும் 10 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் 20 செ.மீ. குழிக்குள் கைவிரலையும் சேர்த்து விட வேண்டியிருக்கும். மொத்த நீளம் 17, 18 செ.மீ. இருந்தால் அதையே ஆழம் பார்க்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். கரண்டி முழுசும் குழிக்குள் நின்றால் போதுமான ஆழம்.

எடுத்துப் போகும்போது முனைக்கு ஒரு உறை வேண்டும். பழைய பால் அட்டைப்பெட்டியை வெட்டி டேப் ஒட்டினாலே போதும். வைக்கும் இடம் பையின் வெளிப்புற வலைப்பாக்கெட். விமானத்தில் போவதானால் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அலுமினியத்தையும் டைட்டானியத்தையும் கழுவித் துடைத்தால் சரி. எஃகு மடக்கு ஷவலுக்குக் கொஞ்சம் கவனிப்பு வேண்டும்: மரையைத் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்து, விரித்த நிலையிலேயே காயவைத்து, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தகட்டின் மேல் எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு. ஈரத்தோடு மடித்து உறைக்குள் போட்டால் அடுத்த முறை எடுக்கும்போது கீல் துருவேறிப் பிடித்திருக்கும். முனை மழுங்கினால் சாதாரண அரத்தால் ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேயுங்கள். கத்தி அளவுக்குக் கூர் வேண்டாம், அது கல்லில் பட்டதும் பல் போய்விடும். வேரை அறுக்கும் அளவுக்கு இருந்தால் போதும்.

குழுவாகப் போகும்போது ஆளுக்கொரு கரண்டி தேவையா என்று கேட்பார்கள். மூன்று நாலு பேருக்கு ஒன்று போதும். நாங்கள் செய்வது இப்படி: கரண்டி, காகிதம், பயன்படுத்திய காகிதத்தைத் திருப்பிக் கொண்டுவர இரண்டு ஜிப் பைகள், கைகழுவும் திரவம், எல்லாவற்றையும் பளிச்சென்ற நிறத்தில் ஒரே சின்னப் பையில் போட்டு, டென்ட்டுக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கிளையில் மாட்டிவிடுவோம். பை அங்கே இருந்தால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். இல்லையென்றால் யாரோ போயிருக்கிறார்கள், காத்திருக்க வேண்டும். யாரும் யாரிடமும் கேட்கவோ சொல்லவோ வேண்டியதில்லை என்பதால் கூச்சப்படுகிறவர்களுக்கும் சிறுவர்களுக்கும் இது சுலபமாக இருக்கிறது. இருட்டிலும் தெரியும்படி பையில் ஒளிரும் பட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டால் இன்னும் வசதி.